சொடுக்கு: ஒரு பந்தின் பெயரும் ஒரு சொல்லின் வரலாறும்

சொல்லின் வரலாற்றைத் தேடுவோர் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் அகராதியையும் நாடுவது இயல்பு. விளையாட்டுத் திடலை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும், எழுதத் தெரிந்தவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே பல சொற்கள் அங்கே பிறந்து, வளர்ந்து, சில வேளைகளில் மறைந்தும் போகின்றன. அவ்வாறு திடலில் புதுப்பொருள் பெற்ற தமிழ்ச்சொல் ஒன்றனை இக்கட்டுரையில் ஆராய்வோம். அச்சொல் 'சொடுக்கு'. கிரிக்கெட்டில் மட்டையாளரை ஏமாற்றித் திரும்பும் ஒருவகைப் பந்துக்குச் சென்னைத் தெருக்களில் வழங்கிய பெயர் அது. உலகச் செய்தித்தாள்கள் அதே பந்தைக் 'கேரம் பால்' என்று அழைக்கின்றன. ஒரு பந்துக்கு இரு பெயர் ஏன் வந்தது, அவற்றுள் தமிழ்ப்பெயர் ஏன் பின்தங்கியது, பேராக் மாநிலத்துத் தமிழாசிரியரும் மாணவரும் இதனைப் பொருட்படுத்த வேண்டிய தேவை என்ன என்பனவே நம் வினாக்கள்.

பந்து திரும்பும் கதை

நேராக வருவதுபோல் தோன்றி, கடைசி நேரத்தில் திசை மாறும் பந்து, பந்தாட்டங்கள் பலவற்றில் உண்டு. அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில் அதற்கு 'கர்வ்பால்' என்று பெயர். நம் பள்ளித் திடல்களில் ஆடப்படும் சோஃப்ட்பால், அந்த ஆட்டத்தின் தங்கை எனலாம். பேஸ்பாலில் எறியப்படும் பந்து தரையைத் தொடுவதில்லை. எனவே அது காற்றிலேயே வளைய வேண்டும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அதன் எதிர்விசையால் பந்து மறுபக்கம் விலகுகிறது. இவ்விளைவு செர்மானிய இயற்பியலறிஞர் மாக்னஸ் பெயரால் வழங்குகிறது. கிரிக்கெட்டிலோ பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழுகிறது. ஆதலால் காற்றில் பெறும் வளைவோடு, தரையின் உராய்வால் பெறும் திருப்பமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: பந்தை விடும் கணத்தில் விரல்கள் அதற்குக் கொடுக்கும் சுழற்சி.

கர்வ்பாலைக் கண்டவர் என்று போற்றப்படும் கேண்டி கம்மிங்ஸ், 1863ஆம் ஆண்டளவில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சிறுவனாக இருந்தபோது, கிளிஞ்சல் ஓடுகளை எறிந்து அவை காற்றில் வளைவதைக் கண்டதாகத் தாமே கூறினார். ஓட்டை வளைக்க முடிந்தால் பந்தை ஏன் வளைக்க முடியாது என்பதே அச்சிறுவனுக்குத் தோன்றிய எண்ணம். பேஸ்பால் உலகம் 1939இல் அவரைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது.

கிரிக்கெட்டில் நாம் பேசும் பந்தின் கதையும் ஏறத்தாழ அவ்வாறே தொடங்குகிறது. ஆஸ்திரேலியரான ஜாக் ஐவர்சன், இரண்டாம் உலகப்போரின்போது நியூகினியில் படைப்பணியில் இருந்தார். ஓய்வு வேளையில் மேசைப்பந்து ஒன்றைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில் பிடித்துத் தெறிக்கவிட்டுப் பழகினார். மெல்லிய அப்பந்து இருபக்கமும் திரும்பியது. அதே பிடியைக் கிரிக்கெட் பந்துக்குக் கொண்டுவந்தார். 1950–51இல் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் ஆடிய 5 டெஸ்ட் ஆட்டங்களில் 21 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிட்னியில் 27 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அத்தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஐவர்சனின் பிடியைக் காட்டும் படத்தைப் பார்த்துப் பழகிய ஜான் கிளீசன் 1967 முதல் சில ஆண்டுகள் அக்கலையைத் தாங்கினார். அவருக்குப்பின் உலக அரங்கில் அப்பந்து ஏறத்தாழ மறைந்துபோயிற்று.

2008 சூலை 6ஆம் நாள், கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அடுத்து வந்த டெஸ்ட் தொடரின் 3 ஆட்டங்களில் 26 விக்கெட். நடுவிரலால் தெறிக்கவிடும் அவருடைய பந்து, கேரம் பலகையில் காயைத் தட்டும் செயலை நினைவூட்டியதால் 'கேரம் பால்' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது.

சென்னையிலோ அப்பந்து புதியதன்று. டென்னிஸ் பந்தில் தெருக் கிரிக்கெட் ஆடியோர் அதனைச் 'சொடுக்கு பால்' என்றனர். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த இரவிச்சந்திரன் அஸ்வின், தெரு ஆட்டத்தில் அதனைக் கண்டு கற்றதாகக் கூறியிருக்கிறார். 2011இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்த அவர், 2024 திசம்பரில் ஓய்வை அறிவித்தபோது 106 ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். வலக்கை ஆட்டக்காரருக்கு வழக்கமாக உள்நோக்கித் திரும்பும் அவருடைய பந்துக்கு நடுவே, வெளிநோக்கிச் செல்லும் சொடுக்குப் பந்து ஒன்று வரும். எது வரும் என்று அறியாத தயக்கமே அதன் வலிமை.

இங்கே ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. மேசைப்பந்து 3 கிராம்கூட இல்லை. விரலின் சிறு விசையால் சுழலக்கூடியது இலேசான பொருளே. ஆகவேதான் கிளிஞ்சலிலும் மேசைப்பந்திலும் டென்னிஸ் பந்திலும் இக்கலை முதலில் பிறந்தது. கனமான பந்துக்குப் பின்னரே சென்றது. மூன்றிடத்திலும் கற்பித்த ஆசான் எவருமில்லை. கையில் கிடைத்ததை வைத்து விளையாடியவர்களே கண்டனர். அவருள் தமிழ்ச் சிறுவர்கள் தாங்கள் கண்டதற்குத் தம் மொழியிலேயே பெயரும் இட்டனர்.

பெயர் சொல்லும் பார்வை

'கேரம் பால்' என்னும் பெயர் ஓர் உவமையின் சுருக்கம். கேரமைக் கண்டவருக்கே அது விளங்கும். 'சொடுக்கு' என்பதோ செயலையே பெயராக்குகிறது. தமிழில் கேரமுக்குச் 'சுண்டாட்டம்' என்று பெயரிட்டிருக்கிறோம். அவ்வாறாயின் இப்பந்தைச் 'சுண்டு பந்து' என்று தெருச் சிறுவர்கள் ஏன் அழைக்கவில்லை? நாணயத்தைச் சுண்டுகிறோம், கேரம் காயைச் சுண்டுகிறோம். அங்கே விரல் நுனி பொருளைத் தட்டி விலக்குகிறது. சொடுக்கும்போது நடப்பது வேறு. கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று அழுத்தி விசையைத் தேக்குகின்றன. பின்னர்ச் சட்டென வழுக்கி அவ்விசையை விடுவிக்கின்றன. பந்தை அவ்விரு விரல்களுக்கிடையே வைத்து வீசுபவனின் கை செய்வதும் இதுவே. சுண்டுதலையும் சொடுக்குதலையும் தெருமொழி இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தது வியப்புக்குரியது.

செயலால் அமைந்த பெயருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு; அது எவரையும் புண்படுத்துவதில்லை. இடக்கையால் மணிக்கட்டைத் திருப்பி வீசும் பந்துக்குக் கிரிக்கெட்டில் நெடுங்காலம் 'சைனாமேன்' என்று பெயர் வழங்கியது. 1933இல் இங்கிலாந்தின் ஓல்டு டிராஃபோர்டு திடலில், சீன மரபினரான மேற்கிந்தியத் தீவு வீரர் எல்லிஸ் அச்சோங்கிடம் ஆட்டமிழந்த ஒருவர் இனத்தைச் சுட்டிச் சொன்ன இழிமொழியோடு அப்பெயரை இணைத்துக் கூறும் கதை பரவலாக உள்ளது. கிரிக்கெட்டின் ஆண்டுநூலான விஸ்டன் 2018இல் அப்பெயரைக் கைவிட்டது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே தெருவில் வாழும் ஈப்போ போன்ற நகரில், பெயரிடுதல் பொறுப்புடைய செயல் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆட்டக்காரரின் தாய்மொழிச் சொல் உலகச் சொல்லாக உயர முடியுமா என்று ஐயுறுவோர் உளர். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் வீசிய 'தூஸ்ரா'வை எண்ணிப் பார்க்கலாம். 'இரண்டாவது', 'மற்றொன்று' என்று பொருள்படும் அவ்வுருதுச் சொல், இன்று ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றிருக்கிறது. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட் வீழ்த்திய முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை சென்ற தமிழர் ஒருவரின் பேரர். அவரும் தாம் வீசிய அப்பந்தைத் தூஸ்ரா என்றே உலகம் அழைக்கக் கண்டார். உருதுக்கு வாய்த்தது தமிழுக்கு வாய்க்காமற் போனதற்குக் காரணம் சொல்லின் குறையன்று. முதலில் அச்சேறிய பெயரே நிலைபெறுகிறது என்னும் நடைமுறையே காரணம்.

ஒரு சொல், பல பொருள்

'சொடுக்கு' புதிதாக ஆக்கிய சொல் அன்று. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கினார். சாட்டை நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சுவதால் எழுவது அந்த ஓசை. களைத்த விரல்களை இழுத்துச் சொடுக்கெடுப்பது வீட்டு வழக்கம். பேச்சில் அது 'சொடக்கு' ஆகிறது. வேலியோரத்தில் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் காற்றடைத்த உறையை நெற்றியில் அடித்து வெடிக்கச் செய்யும் சிறுவர் விளையாட்டை மூத்தோர் அறிவர். அதே செடியை மலாய் மொழி 'லெத்துப்-லெத்துப்' என்கிறது. 'லெத்துப்' என்றால் வெடித்தல். இரு மொழியாரும் ஒரே செடியிடம் ஒரே ஓசையைக் கேட்டுப் பெயரிட்டிருக்கின்றனர்.

விரற் சொடுக்குக்கு இலக்கணத்திலும் ஓர் உயர்ந்த இடம் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அந்த ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு அளவிடுகிறது. நன்னூலும் அவ்வாறே கூறுகிறது. 'நொடித்தல்' என்பது விரலைச் சொடுக்குதலே. காலத்தை அளக்கும் கருவி இல்லாத நாளில், ஒவ்வொரு மாணவனும் தன் கையோடு கொண்டுவந்த கடிகாரம் அது. அச்சொல்லே இன்று வினாடியைக் குறிக்கவும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தார் விடுகதையை 'நொடி' என்பர். ஒரு நொடிக்குள் மட்டையாளரை வந்தடையும் சொடுக்குப் பந்து, அவருக்கு ஒரு நொடியே, அதாவது விடுகதையே, என்று நயம்படக் கூறலாம்.

கணினிக் காலம் வந்தபோது சுட்டியின் பொத்தானை அழுத்தும் செயலுக்குப் பெயர் வேண்டியிருந்தது. 'இங்கே சொடுக்குக' என்று தமிழிணையம் எழுதத் தொடங்கியது. முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழிணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. ஆகவே கணினித் தமிழின் வளர்ச்சியில் இம்மண்ணுக்கும் பங்குண்டு. கணினிக்காக ஆக்கிய எத்தனையோ சொற்கள் பட்டியல்களில் உறங்க, 'சொடுக்கு' எவரும் விளக்கம் கேட்காமலே புழக்கத்தில் கலந்தது. சுட்டிப் பொத்தானுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து, எல்லை கடந்ததும் சட்டெனத் தாவி ஓசை எழுப்புகிறது. விசையைத் தேக்கி விடுவிக்கும் அதே செயல்! சாட்டை, விரல், காய், பந்து, பொத்தான் ஆகிய ஐந்திலும் பொருள் மாறியதுபோல் தோன்றினும், சொல்லின் உயிர்ப்பொருள் மாறவில்லை. பல பொருள் தருதல் குழப்பம் என்று எண்ணும் மாணவர்க்கு இதனை எடுத்துக்காட்டலாம். ஒரு வேர் பல கிளைகளைத் தாங்குவது மரத்துக்குக் குறையாகாது.

பால்மரக் காட்டுச் சொற்கள்

இவ்வரலாற்றில் பேராக்கின் இடம் யாது? முதலாவதாக, டென்னிஸ் பந்தின் உள்ளீடு ரப்பர். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தருகே காக்கப்பட்டு வருகிறது. பின்னர்ப் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்தோர் அவற்றில் பால் வெட்டினர். உலகின் விளையாட்டுப் பந்துகளுக்கும் வண்டிச் சக்கரங்களுக்கும் வேண்டிய பொருள், விடியற்காலை இருளில் உளியேந்திய அம்மக்களின் கையிலிருந்தே புறப்பட்டது.

இரண்டாவதாக, அம்மக்கள் சொல்லாக்கத்திலும் வல்லவர். மலாயின் 'கெத்தா' அவர்கள் நாவில் 'கித்தா' ஆயிற்று. 'மங்கோக்' 'மங்கு' ஆயிற்று. அதிகாலை வருகைப் பதிவுக்கு ஆங்கிலத்தின் 'பரேட்' என்னும் சொல்லை எடுத்துப் 'பெரட்டு' என்றனர். பிற சொற்களைக் கடனாகப் பெற்றது ஒருவழி. தம் சொல்லை நீட்டியது மற்றொரு வழி. மரத்திலிருந்து வடியும் வெண்ணீரைப் 'பால்' என்றதும், மரத்தைப் 'பால்மரம்' என்றதும் இரண்டாம் வழி. சென்னைச் சிறுவர்கள் சொடுக்கைப் பந்துக்கு நீட்டியதும் அவ்வழியே.

ஆங்கிலப் 'பால்' தமிழெழுத்தில் வரும்போது நம் மாணவர்க்கு ஒரு சிக்கல் உண்டு. பசுவின் பால், மரத்தின் பால், ஆண்பால் பெண்பால், அறத்துப்பால் என ஏற்கெனவே பல பால்கள் இருக்கின்றன. ஆதலின் 'சொடுக்குப் பந்து' என்பதே தெளிவு. 'சொடுக்கு' வன்தொடர்க் குற்றியலுகரமாதலால் பின்வரும் பகரம் மிகும் என்பதையும் இதன்வழியே கற்பிக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளின் திடலில் காற்பந்தே கோலோச்சியது. கிரிக்கெட்டோ ஈப்போ பாடாங் போன்ற நகரத் திடல்களில் அதிகாரிகளும் கழகத்தாரும் ஆடிய ஆட்டமாகத் தொடங்கியது. ஆயினும் விரல்விளையாட்டுக்குத் தோட்டத்தில் குறைவில்லை. கோலி தெறித்தனர், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு ரப்பர்க் கொட்டைகளை உள்ளங்கையால் அடித்து, எது உடைகிறது என்று பார்த்தனர். வெயிலில் முற்றிய ரப்பர்க் காய் சடாரென வெடித்துக் கொட்டைகளைத் தூர வீசும் ஓசை, அவர்களுடைய பகற்பொழுதின் ஓசை. அவ்விளையாட்டுகளில் வழங்கிய சொற்களுள் எத்தனை அகராதியில் ஏறின?

இவ்வினாவை இன்று கேட்காவிட்டால் நாளை கேட்டுப் பயனில்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், அடுத்து வந்த செம்பனையும் வீட்டுமனைத் திட்டங்களும் லயங்களைக் கலைத்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்கித் தொழிலாளர் கையில் நிலம் தங்க வழி தேடினார். நிலத்துக்கு அவ்வாறு ஒரு கூட்டுறவு எழுந்தது, சொல்லுக்கு எழவில்லை. தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். அவற்றுட் சில இடம்பெயர்ந்த பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது. அத்தோட்டத்தில் பேசிய சொற்கள் பெரியோர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

செய்யத்தக்கது

சொடுக்குப் பந்தின் வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, நல்ல கலைச்சொல் கையால் வேலை செய்வோரிடமும் விளையாடுவோரிடமும் ஏற்கெனவே இருக்கக்கூடும். சொல்லாக்கக் குழுவின் முதற்பணி அதனைத் தேடுவது. மற்றொன்று, இருந்தும் எழுதப்படாத சொல் இல்லாத சொல்லுக்குச் சமம். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் எடுத்துச் சொன்னதால் 'சொடுக்கு' செய்தியில் ஏறியது. பெரட்டுக் களத்துச் சொற்களுக்கும் கோலிக் குழியருகே பிறந்த சொற்களுக்கும் அத்தகைய தூதர் வாய்ப்பது அரிது.

அத்தூதராக ஒரு வகுப்பறை அமையலாம். ஆசிரியர் ஒரு தவணைக்கு ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளட்டும். மாணவர் தம் பாட்டி தாத்தாவிடம் கேட்டு, ஆட்டத்தின் பெயர், கருவியின் பெயர், செயலின் பெயர், தோற்றவனைக் கேலிசெய்யும் சொல் ஆகிய நான்கையும் எழுதி வரட்டும். சொன்னவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் உடன் குறிக்கட்டும். பேச்சுவழக்கென்று எதனையும் திருத்திவிடாமல், கேட்டபடியே பதிவு செய்தல் வேண்டும். செம்மை வடிவை அடுத்த பத்தியில் எழுதலாம். அத்துடன் இன்று திடலில் தாங்களே வழங்கும் சொற்களையும் மாணவர் எழுதட்டும். அவற்றுள் மலாயும் ஆங்கிலமும் கலந்திருப்பின் வெட்கப்பட வேண்டியதில்லை. கித்தாவும் மங்கும் அவ்வாறு வந்தவையே. ஓராண்டில் ஒரு பள்ளி நூறு சொற்களைத் திரட்டினால், அகராதி செய்வோர்க்கு அது பெருங்கொடை.

தேர்வுத்தாளில் மட்டும் எழுதப்படும் மொழி மாணவரின் கைக்கு அந்நியமாகிவிடும். தம் விளையாட்டுக்குத் தம் மொழியில் பெயரிடும் பிள்ளையோ அம்மொழியைத் தன் உடைமையாக உணர்கிறது. மாத்திரையின் அளவை நம் இலக்கணம் விரலிடத்திலேயே வைத்தது. சொற்களைத் தேடும் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.